இறகு கொட்டுகிற கோழிக்கு மருந்து வேண்டாம், சாப்பாடு வேண்டும்

விடிய எழும்பிக் கூட்டைத் திறந்தால் தரையெல்லாம் இறகு. மரநாய் வந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறும். எண்ணிப் பார்த்தால் கோழி எல்லாம் சரியாக இருக்கும், ஒரு சொட்டு இரத்தம் இருக்காது, ஒன்று மட்டும் கழுத்து மெலிந்து, வாலும் இல்லாமல், யாரோ பாதி உரித்துவிட்டுக் கைவிட்டதுபோல மூலையில் ஒதுங்கி நிற்கும். எங்கள் செம்பி முதல் தடவை இப்படி நின்றபோது பக்கத்து வளவு மாமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னகா, கோழிக்கு வருத்தம் பிடிச்சிட்டுப் போல. மத்ததுக்குத் தொத்துறதுக்கு முதல் அறுத்துப் போடு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிழக்கிலங்கையில் எங்கள் தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் எத்தனையோ வீடுகளில் இறகு கொட்டிய கோழி அந்தக் கிழமையே கறியாகிவிடும். முட்டையும் நின்றுவிட்டது, பார்க்கவும் நோய்க்கோழி மாதிரி இருக்கிறது, பிறகு எதற்குத் தீன் போட வேண்டும் என்பதுதான் கணக்கு.

செம்பியை நான் அறுக்க விடவில்லை. குஞ்சாக இருந்தபோதே என் உள்ளங்கையில் குறுணல் கொத்தி வளர்ந்தவள் அவள். இரண்டரை மாதம் கழித்து, செம்பு தேய்த்து வைத்தமாதிரி மினுங்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தாள், மாமியே வந்து இது புதுக்கோழியா என்று கேட்டார். அதற்குப் பிறகும் சில தடவை அவள் இறகு மாற்றிவிட்டாள், கூட இருந்து பார்த்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது வருத்தம் அல்ல. ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் மண்ணிலும் புரண்டு நைந்துபோன இறகைக் கழற்றிவிட்டுப் புது இறகு போடுகிற வேலை. குஞ்சுகள் பெரிதாகும்வரை சில தடவை சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டே வரும், அதை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. வளர்ந்த பேட்டுக்கோழி முதல் தடவை முழுதாக இறகு கொட்டுவது ஏறக்குறைய ஒன்றரை வயதில், அதற்குப் பிறகு பொதுவாக வருடத்துக்கு ஒரு தடவை. குளிர் நாடுகளில் பகல் குறையத் தொடங்கியதும் எல்லாக் கோழிகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கொட்டும். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம், யூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, அதனால் எங்கள் கோழிகளுக்கு அப்படிக் கட்டான ஒரு மாதம் கிடையாது. எங்கள் வீட்டில் கூடுதலாக மாரிக்குச் சற்று முன்னால்தான் தொடங்குகிறது. அடை கிடந்து குஞ்சு பொரித்து, குஞ்சுகளைப் பிரித்துவிட்ட கையோடு கொட்டத் தொடங்குகிற ஊர்க்கோழிகளும் உண்டு. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலோ, நாய் துரத்திப் பயந்தாலோ, வீடு மாற்றிக் கொண்டுபோனாலோகூட நேரமில்லாத நேரத்தில் இறகு விழும்.

சரி, இது இறகு மாற்றம்தானா அல்லது வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்கைப் பாருங்கள். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, பிறகு நெஞ்சு, முதுகு, அப்புறம் செட்டை, வால் என்று போகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. செம்பியின் செட்டையை ஒரு இரவு ரோச் வெளிச்சத்தில் மெல்ல விரித்துப் பார்த்தேன். நுனிப்பக்கம் நீளமான பெரிய இறகு பத்து இருக்கும், உடம்புப் பக்கம் இன்னொரு வரிசை, இரண்டுக்கும் நடுவில் கட்டையாக ஒரே ஒரு சின்ன இறகு. அந்தச் சின்ன இறகை ஒட்டியிருக்கும் பெரிய இறகுதான் முதலில் விழும், அங்கேயிருந்து வரிசையாக நுனியை நோக்கிப் போகும். விழுந்த இடத்தில் கருநீலமாக, பேனை மூடி மாதிரி ஒரு குழாய் எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், புது இறகு வருகிறது. அப்படிப் பெரிய இறகு ஒன்று முழுதாக வளர ஆறு கிழமை அளவு பிடிக்கும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று கிழமையிலேயே வளர்ந்துவிடும்.

முதுகும் பிடரியும் மட்டும் மொட்டையாக இருந்தால் அது சேவல் ஏறுகிற வேலை. வாலடியில் மட்டும் இறகு இல்லாமல் தோல் சிவந்திருந்தால் மற்றக் கோழிகள் கொத்துகின்றன, அல்லது பேன். நெஞ்சும் வயிறும் மட்டும் வெறுமையாக இருந்து, கோழியும் பெட்டியை விட்டு எழும்பாமல் கிடந்தால் அடைக்கு நிற்கிறது, தானே பிடுங்கியிருக்கும்.

நோய் என்றால் முகத்திலேயே தெரியும். இறகு மாற்றுகிற கோழி கொஞ்சம் வாட்டமாக இருக்கும், ஓடியாடாது, கொண்டை வெளிறிச் சுருங்கியிருக்கும். ஆனாலும் தீன் சட்டியைக் கண்டால் வந்து கொத்தும், எச்சமும் வழக்கம்போலவே இருக்கும். தீனைத் திரும்பியே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தூங்கி விழுவது, பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீர்போலக் கழிவது, வாயைத் திறந்து மூச்சு இழுப்பது, கழுத்து முறுகுவது, காலோ செட்டையோ இழுபடுவது, கொண்டை நீலம் பாய்வது, இதில் ஏதாவது கண்டால் இறகு மாற்றம் என்று நினைத்துச் சும்மா இருக்கவேண்டாம். அந்தக் கோழியைத் தனியாக்கிவிட்டு அன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். ராணிக்கெட் என்கிற தொத்து நோய் என்றால் ஒரு வளவில் இருக்கிற அத்தனையும் ஒரு கிழமைக்குள் போய்விடும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன், இதுதான் முக்கால்வாசி வேலை. இறகு எதனால் ஆனது என்று யோசித்திருக்கிறீர்களா? கோழியை உரித்துவிட்டு நெருப்பில் வாட்டும்போது ஒரு மணம் வருமே, தலைமயிர் கருகினால் வருகிற அதே மணம். நம் மயிரும் நகமும் எந்தப் புரதமோ கோழியின் இறகும் அதே வகைதான், நூற்றுக்கு 85க்கு மேல் வெறும் புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த புரதம் நிறைய. அந்தக் கெட்ட மணமே கந்தகத்தால் வருவதுதான். உடம்பு முழுக்க உள்ள இறகை இரண்டு மூன்று மாதத்தில் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்குரிய புரதம் வயிற்றுக்குள் போயாக வேண்டும். அதனால்தான் முட்டையும் நிற்கிறது. முட்டைக்குப் போகவேண்டியது இப்போது இறகுக்குப் போகிறது, அவ்வளவுதான். முட்டை போடவில்லை என்று தீனைக் குறைத்தால் அந்தக் கோழிக்குச் செய்கிற பெரிய அநியாயம் அதுதான், வருடத்திலேயே அதற்குச் சாப்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிற நேரம் இது.

எங்கள் பக்கத்துக் கோழிகளுக்கு வழக்கமாக விழுவது சோற்றுப் பருக்கையும் குறுணலும் தவிடும். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு எட்டுத்தான். அதை மட்டும் போட்டால் கோழி பட்டினி கிடக்காது, ஆனால் இறகு நைந்த நூல் மாதிரி வரும், நாளும் இழுபடும். முட்டைக்கோழிக்கு விற்கிற லேயர் தீனில் புரதம் ஏறக்குறைய 16 வீதம். இறகு மாற்றும்போது 18 முதல் 20 வீதம் கிடைத்தால் நல்லது. கடையில் வாங்குவதென்றால் குஞ்சுக்குப் போடுகிற ஸ்டாட்டர் தீன் கிட்டத்தட்ட அந்த அளவில் இருக்கும், சாக்கில் புரத அளவு அச்சடித்திருக்கும், வாங்குவதற்கு முதல் பாருங்கள். சில ஸ்டாட்டர் தீனில் குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கும், அதையும் கடையில் கேட்டு மருந்து கலக்காததை எடுங்கள். ஏனென்றால் அதே சட்டியில் முட்டை போடுகிற மற்றக் கோழிகளும் வந்து கொத்தும், அந்த முட்டை நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும்.

கடைத் தீன் இல்லாமலும் சமாளிக்கலாம், கடலும் வாவியும் வயலும் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது கஷ்டமே இல்லை. நான் அதிகம் நம்புவது நெத்தலிக் கருவாட்டை. நல்ல புரதம், இறகுக்கு வேண்டிய கந்தகப் புரதமும் அதில் உண்டு. ஆனால் அப்படியே போடக்கூடாது, உப்பு கோழிக்கு ஆகாது, கூடினால் கழிச்சல் வந்து செத்தும் போகும். இரண்டு மூன்று மணித்தியாலம் தண்ணீரில் ஊறப்போட்டு, இடையில் இரண்டு தடவை தண்ணீரை மாற்றி, ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்காமல் இருந்தால் சரி. பிறகு சுளகில் பரப்பிக் காயவைத்து உரலில் இடித்துப் போத்தலில் போட்டு வைத்தால் ஒரு கிழமைக்குக் காணும். ஒரு கோழிக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டி. மீன் கழுவும்போது வருகிற சின்னத் தலைகளையும் றால் தலையையும் வீசவேண்டாம், அவித்து நசித்துக் கொடுங்கள். பெரிய முள்ளை எடுத்துவிடுங்கள், பழுதானதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது எள்ளுப் புண்ணாக்கு. தேங்காய்ப் புண்ணாக்கைவிட இதில் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கந்தகப் புரதத்துக்கும் பேர்போனது. பயறு, கௌபி, பருப்பு எல்லாம் நல்ல புரதம்தான், ஆனால் அவற்றில் அந்தக் கந்தகப் புரதம் குறைவு, அதனால் பயறை மட்டும் நம்பியிருக்காமல் எள்ளையோ மீனையோ கூடச் சேருங்கள். பயறு வகைகளைப் பச்சையாகப் போடாமல் அவித்துப் போடுங்கள். முருங்கை இலையை ஒரு கொப்பாகக் கூட்டில் கட்டித் தொங்கவிட்டால் தானே கொத்தித் தின்னும். மேட்டு நிலத்தில் கறையான் புற்று இருந்தால் ஒரு பேணியில் கொஞ்சம் எடுத்து வந்து கொட்டிப் பாருங்கள், வாடி நிற்கிற கோழி எப்படி ஓடி வருகிறது என்று. கறையானுக்கு மருந்து அடித்த இடமென்றால் எடுக்கவே வேண்டாம். அவித்த முட்டையை மசித்துக் கொடுப்பதும் நல்லது, கோழிக்கு முட்டை கொடுப்பதா என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், எந்தத் தீங்கும் இல்லை.

ஒரு ஊர்க்கோழி நாளொன்றுக்குத் தின்பது எல்லாம் சேர்த்து 80 முதல் 100 கிராம்தான். எங்கள் வீட்டில் செம்பிக்குக் காலையில் ஸ்டாட்டர் தீனோடு ஊறவைத்த எள்ளுப் புண்ணாக்கு ஒரு தேசிக்காய் அளவில் பாதியும் கருவாட்டுத்தூளும் பிசைந்து வைப்பேன், பகலில் முருங்கையும் வளவில் கிளறிப் பிடிக்கிற புழுபூச்சியும், பின்னேரம் அடையப் போவதற்கு முதல் ஒரு சின்னப் பிடி சோளன். மாரியில் புண்ணாக்கும் சோளனும் கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும். பச்சையாகவோ சாம்பலாகவோ ஏதாவது படிந்திருந்தால், முகர்ந்தால் புழுங்கல் மணம் வந்தால், காசு போனால் போகட்டும் என்று கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கோழியின் ஈரலைத்தான் பிடிக்கும், வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் போகாது.

லேயர் தீனில் முட்டை ஓட்டுக்காகக் கல்சியம் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். முட்டையே போடாத மாதங்களில் அவ்வளவு கல்சியம் தேவையில்லை. மற்றக் கோழிகள் முட்டை போட்டுக்கொண்டிருந்தால், கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓட்டைக் கழுவி இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். வேண்டியது வந்து கொத்தும், வேண்டாதது தொடாது.

தண்ணீரைப் பற்றி ஒன்று. கடலோரத்தில் கோடை முற்றியதும் சில கிணறுகள் உவர்க்கும். நீங்கள் குடிக்கமாட்டாத தண்ணீரைக் கோழிக்கும் வைக்காதீர்கள், உங்களுக்கு எடுக்கிற தண்ணீரிலேயே ஒரு சட்டி வையுங்கள். மண்சட்டியில் நிழலில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் நாளில் ஒரு கோழி கால் லீற்றருக்கு மேல் குடிக்கும்.

இப்போது எல்லாரும் விடுகிற பிழை ஒன்றைச் சொல்கிறேன், அன்பால்தான் விடுகிறோம். வாடி நிற்கிறதே என்று தூக்கி மடியில் வைத்துத் தடவுவது. புது இறகு முளைக்கும்போது அந்தக் குழாய்க்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு முழுக்க முள்ளு முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நாம் தொட்டால் அதற்கு நோகும். மற்ற நாளில் தானாக வந்து என் காலடியில் குந்துகிற செம்பி, அந்த நாட்களில் நான் கையை நீட்டினால் ஒரு முழம் தள்ளிப் போய் நிற்பாள். கோபம் இல்லை, நோவு. ஆகவே தேவையில்லாமல் தூக்கவேண்டாம். தூக்கியே ஆகவேண்டும் என்றால் இருட்டியபின், அது அடைந்து அமைதியாக இருக்கும்போது, செட்டையைப் பிடிக்காமல் உள்ளங்கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள். அப்படியே நெஞ்செலும்பையும் தடவிப் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் கொஞ்சம் சதை குறைந்திருப்பது வழக்கம், கத்தி விளிம்பு மாதிரி எலும்பு மட்டும் கைக்குப் பட்டால் சாப்பாடு காணவில்லை அல்லது வயிற்றில் புழு என்று அர்த்தம்.

அந்த இரத்தக் குழாய் எங்காவது அடிபட்டு உடைந்தால் பார்க்கப் பயமாக இருக்கும், இறகு ஒன்றுதான் உடைந்திருக்கும், இரத்தம் மட்டும் சொட்டுச் சொட்டாக நிற்காமல் வரும். பதறவேண்டாம். சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துவிட்டு, கோர்ன் ஃபிளவர் மாவையோ மஞ்சள் தூளையோ அந்த இடத்தில் அப்புங்கள். நின்றுவிடும். நின்றபிறகும் அந்தக் கோழியை ஒரு நாளாவது தனியாக வையுங்கள், ஏனென்றால் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது, கூட வளர்ந்ததுகூடக் கொத்தும். எவ்வளவு அழுத்தியும் நிற்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பழைய இறகு அரைகுறையாகத் தொங்குகிறதே என்று பிடுங்கிவிடவும் வேண்டாம். தானாக விழட்டும்.

படுக்கை இடம். எங்கள் ஊர்களில் பல கோழிகள் கூட்டில் அடையாது, மாமரத்திலோ முருங்கையிலோ ஏறித்தான் படுக்கும். செட்டையில் பெரிய இறகு விழுந்தபிறகு அதால் அவ்வளவு உயரம் பறக்க முடியாது. பின்னேரம் செம்பி மாமரத்தடியில் நின்று கொப்பை அண்ணாந்து பார்ப்பாள், குந்தி எழும்புவாள், பாய்வாள், பாதியில் விழுவாள், மறுபடியும் போய் அதே இடத்தில் நிற்பாள். அதைக் கண்ட அன்றே நான் கூட்டுக்குள் ஒரு முழ உயரத்தில் தடியொன்று கட்டிவிட்டேன். இதைக் கவனிக்காவிட்டால் கோழி இரவு நிலத்தில் படுக்கும், மரநாய்க்கும் நாய்க்கும் அதுதான் வேண்டியது. பகலிலும் பருந்துக்கும் கீரிக்கும் தப்பி வேலி தாவ முடியாது என்பதால் பத்தைப் பக்கம் தனியாகப் போகவிடாதீர்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை எங்களுக்கு அடைமழை. இறகு உள்ள கோழி மழையை ஓரளவு தாங்கும், இறகு இல்லாத கோழி நனைந்தால் நடுங்கும், சாப்பிட்டதெல்லாம் உடம்புச் சூட்டுக்கே போய்விடும், இறகுக்கு மிஞ்சாது. கூட்டைக் கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள், வாடைக்காற்று அடிக்கிற பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ மறையுங்கள், மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். துணிச் சட்டை தைத்துப் போடுகிற படங்கள் பார்த்திருப்பீர்கள், வேண்டவே வேண்டாம், முளைக்கிற முள்ளில் துணி உரசினால் எவ்வளவு நோகும்! கோடையில் கொட்டினால் நேர்மாறு, வெறுந்தோலில் நடுப்பகல் வெயில் பட்டால் எரியும், நிழல் வேண்டும்.

நுளம்பையும் மறக்கக்கூடாது. கோழி அம்மையைக் கூடுதலாகப் பரப்புவது நுளம்புதான், கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் பொருக்காக வருமே, அதுதான். மழை விட்டதும் நுளம்பு பெருகுகிற நேரமும் கோழி வெறுந்தோலோடு நிற்கிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகிறது. பழைய நுளம்பு வலை இருந்தால் பொழுதுபட முதல் கூட்டைச் சுற்றிக் கட்டுங்கள். வேப்பிலைப் புகை போடுவதென்றால் கூட்டுக்கு வெளியே, காற்று இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் போடுங்கள், மூடிய கூட்டுக்குள் புகை நிறைந்தால் கோழியின் சுவாசப்பைக்கு நல்லதில்லை.

பேன் இருக்கிறதா என்று இந்த நேரத்தில் பார்ப்பது சுலபம். எச்சம் போகிற இடத்தைச் சுற்றி இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடும், இறகின் அடியில் வெள்ளையாக முட்டை ஒட்டியிருக்கும். இன்னொரு பூச்சி பகலில் தடியின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்துவிட்டு இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவு ஒரு வெள்ளைத் துணியால் தடியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கோடு பட்டால் அது இருக்கிறது. தடியைக் கழற்றிக் கொதிதண்ணீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். மண்ணெண்ணெய் பூசுவது, வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தெளிப்பது, இரண்டும் நம் பக்கம் நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். இறகு இல்லாத தோல் நேராக உறிஞ்சிவிடும், பேனோடு கோழியும் போகும்.

கோழிக்கே அதற்கு வழி தெரியும், மண் குளிப்பு. பழைய ரயரையோ உடைந்த பேசினையோ மழை படாத இடத்தில் வைத்து, காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்புங்கள், காய்ந்த வேப்பிலையை நொருக்கிப் போட்டாலும் நல்லது. சாம்பல் வெறும் விறகு, சிரட்டை எரித்ததாக இருக்கவேண்டும், பொலித்தீன் எரித்த அடுப்புச் சாம்பல் கூடாது. நனைந்த சாம்பல் தோலை அரிக்கும், ஈரம் பட்டால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

சேவல் இருந்தால் இந்த இரண்டு மாதத்துக்கு மறித்து வைப்பது நல்லது. முளைக்கிற முதுகில் ஏறினால் குழாயெல்லாம் உடையும். மற்றப் பேடுகள் கொத்தினால் இடையில் கம்பி வலை அடித்துப் பிரியுங்கள். முற்றாகக் கண் மறைவில் கொண்டுபோய் வைக்கவேண்டாம், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பச் சேர்க்கும்போது சண்டை குறைவு, தனிமையில் கோழி சாப்பாட்டையும் விட்டுவிடும்.

மருந்து விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு. முதல் தடவை நான் பயந்துபோய் ஒரு கடையில் கேட்டபோது, கோழியைக் கண்ணாலும் பார்க்காமல் அன்ரிபயோட்டிக் தூள் ஒரு பைக்கற் எடுத்துத் தந்தார்கள், தண்ணீரில் கரைத்து ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு நாள் கொடுத்தேன். தண்ணீர் கசந்து அவள் குடிப்பதைக் குறைத்ததுதான் மிச்சம். கிருமி இல்லாத இடத்தில் அன்ரிபயோட்டிக் எதைக் கொல்லும்? இறகு வளர்க்கிற மருந்து என்று எதுவும் இல்லை. தடுப்பூசி போடுவதென்றால் கோழி நல்ல இறகோடு திடமாக நிற்கிற மாதங்களில் அலுவலகத்தில் கேட்டுப் போட்டுவையுங்கள். பண்ணைகளில் முன்பு தீனை நிறுத்திப் பட்டினி போட்டு எல்லாக் கோழியையும் ஒரே நேரத்தில் இறகு கொட்ட வைக்கிற வழக்கம் இருந்தது, இப்போது பல நாடுகளில் அதைத் தடுத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, பட்டினி போட்டால் கெதியாக முடியும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம்.

எவ்வளவு காலம் எடுக்கும்? எட்டிலிருந்து பன்னிரண்டு கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலதுக்கு நான்கு மாதம்கூட. ஒரேயடியாகக் கொட்டி உரித்த கோழியாக நிற்பதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும், ஆனால் அதுதான் கெதியாக முடிக்கும், நல்லாக முட்டை போடுகிற கோழிகள் கூடுதலாக இப்படித்தான். ஒன்று விழ ஒன்று முளைக்க என்று மெதுவாகப் போகிற கோழியில் பார்க்க வித்தியாசமே தெரியாது, நாள்தான் இழுபடும். வயதாக ஆக நாளும் கூடும். நான் கலண்டரில் முதல் இறகு விழுந்த நாளைக் குறித்து வைக்கிறேன், அடுத்த வருடம் அந்த மாதம் கிட்ட வரும்போதே கருவாடு இடித்து வைக்க வசதி.

கொஞ்ச நாளில் கூட்டுத் தரையில் வெள்ளையாகப் பொடுகு மாதிரி விழும். குழாயின் மேல்தோல் காய்ந்து உரிகிறது, உள்ளேயிருந்து இறகு விரிகிறது, நல்ல அறிகுறி. உடம்பில் உள்ளதை அதுவே சொண்டால் கோதிவிடும், தலையிலும் கழுத்திலும் உள்ளதை அதன் சொண்டால் எட்ட முடியாது. அந்தக் குழாய்கள் நீலம் மாறி முற்றாக வெள்ளையாகக் காய்ந்தபிறகு, அதுவும் கோழி தானாகக் கிட்ட வந்தால் மட்டும், இரண்டு விரலுக்கு இடையில் வைத்து மெல்ல உருட்டினால் உமி மாதிரி உதிர்ந்துவிடும். முதல் தடவை செம்பி அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சரித்துத் தந்தாள், இரண்டு மாதமாகத் தொடவிடாதவள். இன்னும் நீலமாக இருப்பதில் கை வைத்தால் உடனே தலையை இழுத்துவிடும், விட்டுவிடுங்கள்.

வால் இறகு நீண்டு, வெளிறிக் கிடந்த கொண்டை திரும்பச் சிவந்து, முதுகில் கை வைத்தால் குந்தத் தொடங்கினால் முட்டை கிட்டிவிட்டது. அந்த நேரத்தில் மட்டிச் சிரட்டையை நிறைத்து வையுங்கள், ஸ்டாட்டர் தீனை ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு கிழமைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக லேயர் தீனைக் கலந்து மாற்றுங்கள். முதல் ஒன்றிரண்டு முட்டை ஓடு மெல்லியதாக இருக்கலாம், பிறகு சரிவரும். இறகு மாற்றுவதற்கு முந்திய முட்டையைவிட ஓடு திடமாகவும் அளவு பெரிதாகவும் இருக்கும், எண்ணிக்கை மட்டும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறையும். செம்பி போன தடவை ஒக்ரோபரில் தொடங்கி, தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் முட்டை போட்டாள். மாமரத்துக் கொப்புக்கும் அதே கிழமைதான் திரும்ப ஏறினாள், கூட்டுத் தடியை நான் இன்னும் கழற்றவில்லை.